எட்டாவது ஜன்னல்

நாலு பத்துக்கு வரவேண்டிய விமானம் அன்றைக்கும் வரவில்லை.

டைம்கீப்பர் நாற்காலியை விட்டு எழுந்தார். வாசல் வரைக்கும் போனார். செருப்பை மாட்டலாமா என்று யோசித்தார். மாட்டாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார். கணினித் திரையில் அந்தச் சின்ன விமான நிலையம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஓடுபாதை காலி. மூன்றாம் நம்பர் நிறுத்தம் காலி. வராது என்று அவருக்குத் தெரியும். அவருடைய கணினியில் அந்த விமானமே இல்லை, அப்புறம் எங்கிருந்து வரும்? ஆனாலும் நாலு பத்து நெருங்கினால் அவருக்கு இருப்புக் கொள்வதில்லை.

“திரும்பவும் அந்த நாலு பத்தா?” என்றாள் மனைவி, உள்ளறையில் துணி மடித்துக்கொண்டே.

“சும்மாதான் எழுந்தேன்.”

“சும்மா எழுந்தவரு அஞ்சு தடவை எழுந்தாச்சு. தரை தேயுது.”

அவர் பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது என்று எழுதுவது வேலை. முப்பத்தோரு வருஷத்தில் சொன்ன நேரத்துக்கு வந்த வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எரிச்சலில்தான் மனிதர் இந்தப் பைத்தியத்தில் விழுந்தார் என்பது மனைவியின் கட்சி. கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டர்கள் இருக்கின்றன அல்லவா, மற்றவர்கள் அதில் விமானியாக உட்கார்ந்து ஓட்டுவார்கள். இவர் ஓட்டுவதே இல்லை. ஓட்டுகிறவருக்குத் துணையாக, சுற்றிலும் நடமாட்டம் இருக்கட்டும் என்று கணினியே சில விமானங்களைப் பறக்கவிடும். அந்த நடமாட்டம்தான் இவருக்கு முழு ஆட்டமும். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஐம்பது வருஷத்துக்கு முந்தைய விமான அட்டவணை ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்து, அந்த வருஷத்து விமான நிலையத்தை அப்படியே எழுப்பியிருந்தார். எட்டே காலுக்கு ஒன்று கிளம்பும். ஒன்பது ஐம்பதுக்கு ஒன்று இறங்கும். ஒரு நிமிஷம் முன்னே பின்னே இருக்காது. டிப்போவில் பட்ட அவதிக்கெல்லாம் அங்கேதான் மருந்து.

அட்டவணை கிடைத்தால் போதுமா? விமானம் வேண்டுமே. இந்தக் காலத்து விமானங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். பழசுதான் பாடு. ஆசையாக ஓட்டுவதற்கென்று செய்த பழைய விமானங்களில் ஆணித்தலை, இருக்கையின் தையல் வரைக்கும் இருக்கும். அப்படி ஒன்றை ஓட்டலாம். பன்னிரண்டை நிலையத்தில் நிறுத்தினால் கணினிக்கு மூச்சு வாங்கும், படம் நின்று நின்று வரும். கூட்டத்துக்கு நிற்கிற விமானம் வேறு ஜாதி. எடை குறைவாக இருக்கவேண்டும், தூரத்திலிருந்து பார்த்தால் அச்சு அசலாகத் தெரியவேண்டும். டகோட்டா மாதிரி பேர்பெற்ற பழைய விமானம் என்றால் அப்படிப் பத்துப் பேர் செய்து வைத்திருக்கிறார்கள். நாலு பத்து விமானம் டகோட்டா இல்லை. நாலு எஞ்சின், வயிறு தொங்கும் உடம்பு, குட்டைக் கால்கள். உலகத்திலேயே சில டஜன்தான் செய்தார்களாம். செய்த கம்பெனியும் இழுத்து மூடிவிட்டது. வீட்டில் அதற்கு வைத்த பெயர் தொந்தி.

தொந்தியைக் கூட்டத்துக்கு ஏற்ற மாதிரி செய்தவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடி வீட்டில் இருந்தார். டைம்கீப்பரின் மைத்துனர். மனைவியின் கூடப்பிறந்த தம்பி.

மைத்துனர் நில அளவை அலுவலகத்தில் வரைவாளர். பழைய நில வரைபடங்களைக் கணினியில் ஏற்றுவது வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரம் தவறாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா வீட்டில் சாப்பிட்டுவிட்டு, அத்தானும் அவருமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தால் பொழுது சாயும் வரை இருவரும் வேறு உலகத்தில் இருப்பார்கள். விமானம் செய்வது மைத்துனர், அட்டவணை எழுதுவது அத்தான். ஏழு வருஷம் இப்படி ஓடியது. மைத்துனர் செய்த நாற்பத்திரண்டு பழைய விமானங்களை உலகம் முழுக்க ஆட்கள் இணையக் குழுவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

நாலு மாசத்துக்கு முன்னால் மைத்துனர் தொந்திக்குப் புது வர்ணம் பூசிக் குழுவில் ஏற்றினார். டைம்கீப்பர் பார்த்தார். இடது பக்கத்தில் ஏழு ஜன்னல் இருக்கவேண்டிய இடத்தில் எட்டு இருந்தது. வீட்டுக்கு வரும்போது தனியாகச் சொல்லியிருக்கலாம். கை அரித்தது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதினார்: “ஜன்னலை எண்ணத் தெரியாதவரெல்லாம் விமானம் செய்ய வந்தால் எப்படி?”

செல்லமாகச் சொன்னதுதான். முப்பத்தோரு பேர் சிரிப்புக் குறி போட்டார்கள். அன்று சாயங்காலமே மைத்துனர் நாற்பத்திரண்டு விமானங்களையும் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரவில்லை. அக்கா போன் செய்தபோது அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது என்றார். அதற்கடுத்த ஞாயிறும் வேலை கழுத்தை நெரித்தது.

“இதுக்கு இவ்வளவு ரோஷமா?” என்றார் டைம்கீப்பர். “ஏழுதானே? ஏழுன்னா ஏழுன்னு சொல்லக் கூடாதா?”

“போய்ச் சமாதானமாப் பேசிட்டு வாங்க.”

“தப்பு பண்ணினவன் அவன். நான் எதுக்குப் போகணும்?”

அதோடு விட்டிருந்தாலும் கதை வேறு மாதிரி போயிருக்கும். ஒரு மாசம் கழித்து டைம்கீப்பரின் கணினியில் எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் தட்டு, அந்த ஹார்ட் டிஸ்க், உயிரை விட்டது. கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கினார். நிலையம் போச்சு, விமானங்கள் போச்சு. நல்லவேளை, அட்டவணையை ஒரு நோட்டிலும் எழுதி வைத்திருந்தார். புதுத் தட்டு வாங்கிப் போட்டு, ஒவ்வொன்றாக மறுபடி தேடி எடுத்து, மூன்று வாரத்தில் நிலையத்தை ஓரளவு எழுப்பிவிட்டார். மற்ற விமானங்களுக்கெல்லாம் ஏதோ ஒரு மாற்று கிடைத்தது. தொந்தி மட்டும் கிடைக்கவில்லை. தினம் நாலு பத்துக்கு அட்டவணையில் ஒரு பொத்தல் விழுந்தது.

மைத்துனர் வீட்டுக்கு நடந்தால் ஆறு நிமிஷம். டைம்கீப்பர் அந்த ஆறு நிமிஷத்தை நடக்காமல், கடல் தாண்டி எழுத ஆரம்பித்தார். பழைய விமானங்களைச் சேர்க்கிற ஒரு பல் டாக்டருக்கு எழுதினார். பல் டாக்டர் மறுநாளே பதில் போட்டார்: “அந்த விமானமா? அதை உங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர் அற்புதமாகச் செய்திருக்கிறாரே, அவரைக் கேளுங்கள்.” பல்லைக் கடித்துக்கொண்டு, பியானோ பழுதுபார்க்கும் ஒருவருக்கு எழுதினார். அவரும் அதையே சொன்னார். பனி கொட்டும் ஊரில் இருக்கும் ஒரு தீயணைப்பு வீரர், மைத்துனரின் பெயரை எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு, “இவரை எப்படியாவது பிடியுங்கள், கிடைத்தால் என் வணக்கத்தையும் சொல்லுங்கள்” என்று எழுதினார்.

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “பாருங்க, ஊர் உலகமே உங்கள என் தம்பி வீட்டுக்குத்தான் அனுப்புது. செருப்பு வாசல்லதான் கிடக்கு.”

“எங்கேயோ ஒருத்தன் பழசை எடுத்து வெச்சிருப்பான். கிடைக்காமலா போகும்.”

கிடைத்தது. விடாமல் நச்சரித்ததில் மூன்று பேருமே தங்கள் பெட்டிகளைக் குடைந்து, எப்போதோ இறக்கி வைத்த தொந்திகளை அனுப்பினார்கள். மைத்துனர் ஒவ்வொரு வருஷமும் ஒரு புது வர்ணம் பூசி ஏற்றுவது வழக்கம். ஆளுக்கு ஒரு வருஷத்தது, இரண்டு வருஷத்தது என்று வைத்திருந்தார்கள். மொத்தம் ஆறு சேர்ந்தன. மைத்துனருடைய மற்ற விமானங்களும் சில கூடவே வந்தன.

அது ஒரு சனிக்கிழமை காலை. டைம்கீப்பருக்கு விடுமுறை. மனைவி துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். சனிக்கிழமை அரைநாள் வேலைக்குப் போயிருந்தாள். எந்தத் தொந்தியைப் போடலாம் என்று பார்ப்பதற்காக ஆறின் வர்ணத் தாள்களையும் வரிசையாகத் திரையில் விரித்தார். விமானத்தின் தோலை உரித்துத் தட்டையாகப் பரப்பினாற்போல இருக்கும் அந்தத் தாள். இறக்கை ஒரு பக்கம், வால் ஒரு பக்கம், உடம்பு நீளவாக்கில் கிடக்கும். அதன்மேல் வரைவதுதான் விமானத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும்.

முதல் தாள் ஆறு வருஷத்துக்கு முந்தையது. கதவின் ஓரத்தில் எறும்பு அளவுக்கு எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தால் ‘இங்கே மிதிக்காதே’ என்று இருந்தது. யாரும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தும் எழுதியிருக்கிறான் என்று டைம்கீப்பருக்குப் பெருமையாகவும் கடுப்பாகவும் இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் அந்த எழுத்து கொஞ்சம் பெருத்திருந்தது. நாலாவதில் எழுத்தே இல்லை. நாலாவதில் உடம்பின் நீலக் கோடு தாளின் வலது ஓரத்துக்கு வரும்போது ஒரு மயிரிழை கீழே இறங்கியிருந்தது. ஐந்தாவதில் ஒரு விரல். ஆறாவதில் வலது ஓரத்தில் இரண்டு இடத்தில் வெள்ளை பூசாமல் விட்டுப்போயிருந்தது.

டைம்கீப்பர் மற்ற விமானங்களையும் திறந்தார். தேதிவாரியாக அடுக்கினார். இடது பக்கமெல்லாம் கத்தி மாதிரி சுத்தம். வலது ஓரம் மட்டும் மாசத்துக்கு மாசம் கெட்டுக்கொண்டே வந்தது. கடைசியாக, குழுவில் அவர் கிண்டல் செய்த அந்தப் படத்தைத் தேடி எடுத்தார். விமானத்தின் இடது பக்கம்தான், ஆனால் எட்டாவது ஜன்னல் இருந்த வால்புறம் தாளில் வலது ஓரத்தில் விழும் இடம்.

டிப்போவில் அவர் கண்ட ஒரு விஷயம் உண்டு. ஒரு வண்டி ஒரு நாள் கால்மணி நேரம் தாமதித்தால் டிரைவரைத் திட்டலாம். மாசத்துக்கு ஒரு நிமிஷமாகத் தாமதம் கூடிக்கொண்டே போனால் யாரையும் திட்டக் கூடாது. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்க்கச் சொல்லவேண்டும். அவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். போன வருஷம் மைத்துனர் சைக்கிளை விற்றது ஞாபகம் வந்தது. செயின் அடிக்கடி கழல்கிறது என்றார். சாப்பிடும்போது வலது கைப்பக்கம் இருந்த தண்ணீர் டம்ளரை இரண்டு தடவை தட்டிவிட்டது ஞாபகம் வந்தது. “கண்ணு எங்கடா இருக்கு?” என்று அன்றைக்கும் சிரித்தது இவர்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆறு நிமிஷப் பாதையை எத்தனை நிமிஷத்தில் நடந்தார் என்று அவரே பார்க்கவில்லை.

மைத்துனர் கதவைத் திறந்தார். தாடி மழித்து, சட்டை போட்டு, எங்கோ கிளம்புகிறவர் மாதிரி இருந்தார். எங்கும் கிளம்பவில்லை. மேஜை நிறைய அலுவலக வரைபடங்கள். மேஜை விளக்கு மூன்று எரிந்துகொண்டிருந்தது, அந்தப் பட்டப்பகலில்.

“என்ன அத்தான்?”

“சும்மா வந்தேன்.”

“நாலு மாசம் கழிச்சு சும்மாவா?”

டைம்கீப்பர் உட்காராமல் அறையைச் சுற்றி வந்தார். அலமாரிக் கதவைத் திறந்து மூடினார். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்து வந்தது மாடிப்படியிலேயே மறந்துபோயிருந்தது. மைத்துனருக்கு வலது பக்கமாகப் போய் நின்று, கையை மெதுவாக உயர்த்தி, இரண்டு விரலை ஆட்டினார். மைத்துனர் நேராக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எப்போலேர்ந்து?” என்றார் டைம்கீப்பர்.

மைத்துனர் சட்டென்று திரும்பினார். விரலைப் பார்த்தார். முகம் சிவந்தது.

“வித்தை காட்ட வந்தீங்களா?”

“எப்போலேர்ந்துன்னு கேட்டேன் மச்சான்.”

“யார் சொன்னது உங்களுக்கு? ஆபீஸ்ல யாராவது பேசினாங்களா?” போய்க் கதவைச் சாத்தினார். “எத்தன பேருக்குத் தெரியும்?”

“யாருக்கும் தெரியாது. உன் விமானம்தான் சொல்லிச்சு. ஆறு வருஷத்துத் தொந்தியையும் வரிசையா வெச்சுப் பார்த்தேன்.”

மைத்துனர் நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை விளக்கு ஒன்றை அணைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஏழுன்னு எனக்குத் தெரியாதா அத்தான்? எனக்கு அந்த விமானம் தூக்கத்துல கூட வரும். ஏழுதான் வரைஞ்சேன். ஓரத்துல ஒண்ணு விட்டுப்போன மாதிரி இருந்துச்சு, போட்டேன். ஏற்கெனவே போட்டிருந்தது எனக்குத் தெரியல. நீங்க எழுதினப்புறம்தான் எண்ணிப் பார்த்தேன். எட்டு. எண்ணும்போது கை வெச்சு எண்ணினேன், தெரியுமா?”

டைம்கீப்பர் அலமாரிக் கதவை மறுபடி திறந்தார், மூடினார்.

“விமானத்துல ஒரு ஜன்னல் கூடினா முப்பது பேர் சிரிப்பான், போகட்டும். ஆபீஸ்ல நான் போடற கோடு ஒருத்தன் வீட்டுச் சுவரு. அது ஒரு அடி தள்ளிப் போச்சுன்னா? ஒவ்வொண்ணையும் மூணு தடவை பார்க்கறேன். வீட்டுக்கு எடுத்துட்டு வந்து பார்க்கறேன். இன்னும் எட்டு வருஷ சர்வீஸ் இருக்கு.”

“டாக்டர்கிட்ட போனியா?”

“கண்ணாடிக் கடைக்குப் போனேன். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னான்.”

“போனியா?”

மைத்துனர் மேஜையில் கிடந்த ஒரு வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார்.

“கிளம்பு. இப்பவே போலாம்.”

“வேண்டாம் அத்தான்.”

“ஏன் வேண்டாம்?”

“போனா சொல்லிடுவாங்க.”

டைம்கீப்பர் அறையின் குறுக்கே இரண்டு நடை நடந்தார். “நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது” என்றார், ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டு. மைத்துனர் தலையை ஆட்டினார். மன்னித்தேன் என்றா, இப்போது அது எதற்கு என்றா, தெரியவில்லை. கிளம்பும்போது, “அக்காவுக்குத் தெரியவேண்டாம்” என்று மட்டும் சொன்னார். டைம்கீப்பர் சரி என்று தலையாட்டிவிட்டு இறங்கினார்.

ரகசியம் அவர் வயிற்றில் தங்கி வழக்கமில்லை. சனிக்கிழமை மதியம் கேட்காமலே பாத்திரம் கழுவினார். ஞாயிற்றுக்கிழமை பரண் மேல் ஏறித் தூசி தட்டினார். திங்கள்கிழமை டிப்போவில் இரண்டு வண்டிகளின் நேரத்தை மாற்றி எழுதி, முப்பத்தோரு வருஷத்தில் முதல்தடவையாக அடித்துத் திருத்தினார். செவ்வாய்க்கிழமை காலை அவர் துணி மடிக்க உட்கார்ந்தபோது மனைவி எதிரில் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

“நான் ஒண்ணும் பண்ணல.”

“சட்டைய உள்பக்கம் வெளிய வெச்சு மடிக்கறீங்க. சொல்லுங்க.”

சொல்லிவிட்டார். அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. கேட்டு முடித்ததும் தொழிற்சாலைக்குப் போன் செய்து இரண்டு நாள் வரமாட்டேன் என்றாள். தம்பி வீட்டுக்குப் போய் அவர் அலுவலகம் கிளம்பும் நேரம் பார்த்து வாசலை மறித்து நின்றாள். என்ன பேசினாள் என்று டைம்கீப்பருக்குக் கடைசி வரை தெரியாது. பத்து மணிக்கு மூன்று பேரும் கண் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மைத்துனர் அத்தானைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மூணு நாள் தாங்கினேன்டா” என்றார் டைம்கீப்பர் தாழ்ந்த குரலில்.

“உங்க டிப்போ பஸ் மாதிரி. சொன்ன எடத்துல நிக்கறதே இல்ல” என்றார் மைத்துனர்.

பார்வையின் பரப்பை அளக்கிற அறைக்கு மைத்துனரை மட்டும் கூப்பிட்டார்கள். ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கவேண்டும். உள்ளே அங்கங்கே பொட்டு வெளிச்சம் தோன்றும். தெரிந்தால் கையில் இருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. மனைவி கைப்பையை மடியில் வைத்துக் கண்ணை மூடி உட்கார்ந்தாள். டைம்கீப்பரால் உட்கார முடியவில்லை. கதவோரமாய்ப் போய் நின்றார்.

இயந்திரம் ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் முன்னால் மெல்ல ஒரு முறை முனகியது. அதையடுத்து பொத்தான் சத்தம் வரும். முனகல், டிக். முனகல், டிக். இரண்டு நிமிஷத்தில் அந்த இடைவெளி அவர் உடம்புக்குப் பிடிபட்டுவிட்டது. காலம் முழுக்க இடைவெளிகளையே எண்ணிப் பிழைத்தவர் அல்லவா. இடது கண்ணுக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் டிக் தவறியது. வலது கண்ணுக்கு மாற்றினார்கள். முனகல், டிக். முனகல். முனகல். முனகல். டிக். முனகல். டைம்கீப்பர் கட்டைவிரலால் தன் ஆள்காட்டி விரலை அழுத்திக்கொண்டே நின்றார், ஒவ்வொரு முனகலுக்கும், மைத்துனருக்குப் பதிலாக அவர் அழுத்தினால் கணக்கில் சேரும் என்பதுபோல. முனகல். முனகல். அதற்கு மேல் கேட்க முடியாமல் மாடிப்படி இறங்கிப் போய்த் தெருவில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.

டாக்டர் ஒரு பெண். சுற்றி வளைக்காமல் சொன்னார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறியிருக்கிறது. பல வருஷமாக ஏறியிருக்கிறது. வலது கண்ணில் போனது போனதுதான், திரும்ப வராது. இடது கண் இப்போதுதான் ஆரம்பம். தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து, நேரம் தவறாமல் விட்டால் இருப்பதைப் பெரும்பாலும் காப்பாற்றலாம்.

“நேரம் தவறாமன்னா எவ்வளவு முன்ன பின்ன போலாம் டாக்டர்?” என்று கேட்டார் டைம்கீப்பர்.

“போகாம இருக்கறது நல்லது.”

அன்றிலிருந்து காலை ஏழுக்கும் சாயங்காலம் ஏழுக்கும் மைத்துனரின் போன் அடித்தது. “விட்டியா?” “விட்டேன்.” “ரெண்டு கண்ணுலயும்?” “அத்தான், நான் உங்க வண்டி இல்ல.” “அதான் தெரியுமே. வண்டின்னா நேரத்துக்கு வராது.”

அலுவலகத்தில் மைத்துனர் தானே போய் அதிகாரியிடம் சொன்னார். வேலை போகவில்லை. வரைவதிலிருந்து எடுத்து, நகல் கேட்டு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லும் ஜன்னலில் உட்காரவைத்தார்கள். முதல் மாசம் முழுக்க அவர் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபத்தைந்து வருஷம் கோடு போட்ட கை, இப்போது டோக்கன் கிழிக்கிறது என்று அக்காவிடம் சொன்னாராம். அவர் போட்ட பழைய கோடுகளை வேறொருவர் சரிபார்த்ததில் மூன்று இடத்தில் தவறு கண்டுபிடித்தார்கள். மூன்றும் யார் சுவருக்கும் போய்ச் சேர்வதற்கு முன்னால் பிடிபட்டன. அதைச் சொன்ன அன்றைக்குத்தான் மைத்துனர் அக்கா வீட்டில் வயிறாரச் சாப்பிட்டார்.

டைம்கீப்பர் குழுவில் எழுதினார்: “ஜன்னலைப் பற்றி நான் எழுதியது கேவலமான கிண்டல். வருந்துகிறேன்.” ஏன், என்ன ஆச்சு என்று பலர் கேட்டார்கள். அவர் பதில் போடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய காரியம்.

அதற்கடுத்த ஞாயிறு மைத்துனர் தன் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். நாற்பத்திரண்டு விமானங்களும் அதில் இருந்தன. டைம்கீப்பர் கடைசித் தொந்தியைத் திறந்து எட்டாவது ஜன்னலை அழிக்க உட்கார்ந்தார். ஜன்னலோடு கதவின் பாதியும் போயிற்று. திரும்ப வரைந்ததில் கதவு பன் மாதிரி உப்பியது. மைத்துனர் பக்கத்தில் உட்கார்ந்து, “அத்தான், கைய எடுங்க” என்றார். எடுக்கவில்லை. நீலக் கோடு இரண்டாக உடைந்தது.

வாசல்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி, உள்ளே வந்து, ஏழு வருஷத்தில் முதல்தடவையாக அந்த வர்ணத் தாளைக் குனிந்து பார்த்தாள்.

“இது என்ன, உடம்பத் தட்டையா வெட்டிப் போட்டிருக்கா? இது முன்பக்கம், இது முதுகு, இது ரெண்டும் கை. தையல் இங்க வரும். சரிதானே?”

இருவரும் அவளையே பார்த்தார்கள். அவள் தினமும் நூற்றுக்கணக்கான சட்டைகளைத் தாளில் பிரித்துப் போட்டு வெட்டுகிறவள்.

“தையல் சேர்ற எடத்துல கோடு ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இருக்கணும். இல்லன்னா போட்டுக்கும்போது எகிறும். எழுந்திரிங்க.”

டைம்கீப்பர் எழுந்தார். அக்கா உட்கார்ந்தாள். தம்பி சொல்லச் சொல்ல அவள் போட்டாள். எந்த நீலம், எவ்வளவு அகலம், கதவின் முனை எவ்வளவு வளைவு என்று அவருக்கு எல்லாம் மனப்பாடம். டைம்கீப்பர் பின்னால் நின்று, “இன்னும் கொஞ்சம் கீழ” என்றார். இருவரும் சேர்ந்து அவரைக் கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

தொந்தி மறுபடி குழுவில் ஏறியபோது கீழே, ‘வர்ணம்: அக்கா’ என்று இருந்தது. அக்கா என்பது எந்த நாட்டு நிறுவனம், வேறு என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று பியானோக்காரர் கேட்டு எழுதினார். மூன்று பேரும் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். டைம்கீப்பர் நிலையத்தில் தொந்தியை விட்டார். இறங்கியது. ஆனால் சக்கரம் பாதி தரைக்குள் புதைந்திருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம் ஆயிற்று. சரியானதும், மெதுவாக வரும் தொந்தியின் முதுகில் பின்னால் வரும் ஜெட் ஏற வந்தது. அதற்கு ஒரு வாரம். அவருக்கு அலைச்சல் தீரவில்லை.

நாலு மாசம் கழித்து இரண்டாவது சோதனை. மனைவிக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடைக்கவில்லை. டைம்கீப்பர்தான் கூட்டிப்போனார். இந்தத் தடவை அவர் கதவோரம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியின் நாலு மாடியையும் ஏறி இறங்கிவிட்டு, காகிதத்தோடு மைத்துனர் வெளியே வரும்போது மூச்சிரைக்க நின்றிருந்தார்.

“அப்படியே இருக்காம்” என்றார் மைத்துனர்.

“அப்படியேன்னா?”

“கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இதுதான் நல்ல சேதியாம்.”

டைம்கீப்பர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். கறுப்பும் சாம்பலுமாக இரண்டு வட்டங்கள். போன தடவைக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துப் பொட்டுப் பொட்டாக ஒப்பிட்டார். மைத்துனர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தார்.

பஸ் வந்தது. மைத்துனர் ஏறி, இரட்டை இருக்கையில் இடது பக்கமாக உட்கார்ந்துகொண்டு, வலது பக்கத்தைத் தட்டிக் காட்டினார்.

“இந்தப் பக்கம் உக்காருங்க அத்தான். எனக்கு இங்க ஒண்ணும் தெரியறதில்ல.”

அப்படி வாய்விட்டு அவர் சொன்னது அதுவரை இல்லை. டைம்கீப்பர் உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். வண்டி கிளம்பியதும் சொல்ல ஆரம்பித்தார்: மருந்துக் கடை, சைக்கிள் பழுதுபார்க்கிற இடம், சுவரில் சாய்ந்து ஒரு ஏணி, ஒரு அம்மா குடை விரிக்கிறாள், சிவப்பு லாரி, அதுக்குப் பின்னாடி இன்னொரு சிவப்பு லாரி, பள்ளிக்கூடச் சுவர், அதுல பாதி வெள்ளை அடிச்சிருக்கு, பாதி அடிக்கல.

“அத்தான்.”

“என்னடா?”

“ஊர்ல இருக்கறது எல்லாம் வேண்டாம். என் மேல மோத வர்றது மட்டும் சொல்லுங்க, போதும்.”

டைம்கீப்பர் வாயை மூடினார். அடுத்த நிறுத்தம் வரைக்கும் தாங்கினார்.